பூம்புகார்: அம்மாவோடு போகலாமா? பார்க்க அங்கே என்ன இருக்கிறது?

வள்ளி_திருப்பூர்

எல்லோருக்கும் வணக்கம். ஜனவரிக் கடைசியில் திருப்பூரிலிருந்து காரில் கிளம்பி, திருச்சி, கும்பகோணம் வழியாகப் பூம்புகார் போகலாம் என்று யோசனை. நான், கணவர், ஏழாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் படிக்கிற இரண்டு வால்கள், அப்புறம் அம்மா. அம்மா ஓய்வுபெற்ற தமிழாசிரியை. காலமெல்லாம் வகுப்பில் சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டம் நடத்தியவர், அந்தப் புகாரான பூம்புகாரை மட்டும் பார்த்ததே இல்லை. "சாகிறதுக்குள்ள ஒரு தடவை அந்தக் கடலைப் பார்க்கணும்டீ" என்று இந்தப் பொங்கலுக்கு ஆரம்பித்துவிட்டார்.

ஆனால் போய் வந்தவர்களிடம் கேட்டால் பாதிப் பேர் "அங்கே ஒண்ணும் இல்லை, எல்லாம் கடலுக்குள்ளே போயிடுச்சு" என்கிறார்கள். இவ்வளவு தூரம் வந்து அம்மா முகம் வாடினால் எனக்குத் தாங்காது. உண்மையில் என்ன பார்க்கலாம்? ஒரு நாள் போதுமா? பிள்ளைகள் கடலில் குளிக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பைக்வாசி

நேராகவே சொல்லிவிடுகிறேன் சகோ, எதிர்பார்ப்போடு போகாதீர்கள். கிழக்குக் கடற்கரை முழுக்க வண்டியில் போனபோது பூம்புகாரிலும் நின்றேன். உச்சி வெயில், நிழலுக்கு ஒதுங்க இடமில்லை. சிலப்பதிகாரக் கலைக்கூடம் பராமரிப்பு வேலைக்காகப் பூட்டிக் கிடந்தது. கடற்கரையில் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள், கால் நனைக்கவே இடம் தேட வேண்டும். "பழைய நகரம் எங்கே?" என்று டீக்கடையில் கேட்டால் கையைக் கடல் பக்கம் நீட்டிச் சிரிக்கிறார்கள்.

இடிபாடு பார்க்க வேண்டும், கடலும் வேண்டும் என்றால் மாமல்லபுரம் போங்கள். கண்ணுக்கு முன்னால் கோயில் நிற்கும், பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.

சீர்காழிக்காரன்

பைக்வாசி தம்பி சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவர் பார்த்தது பூம்புகாரின் சுற்றுலா வளாகத்தை. வருகிற வண்டிகளில் பெரும்பாலானவை நுழைவு வளைவுக்குள் நுழைந்து, கடலைப் பார்த்து, போட்டோ எடுத்து, சுண்டல் தின்றுவிட்டுத் திரும்பிவிடும். பழைய ஊர் கிடப்பது அந்த வளாகத்துக்கு வெளியே, கீழையூரிலும் மேலையூரிலும் வானகிரியிலும். எல்லாமே சில கிலோமீட்டருக்குள்.

அம்மா தமிழாசிரியை என்பதால் இப்படி ஆரம்பிக்கலாம். பழைய புகாரில் மருவூர்ப்பாக்கம் கடலோரப் பகுதி, பட்டினப்பாக்கம் அதற்கு மேற்கே, நடுவில் நாளங்காடி என்கிற பகல் சந்தை. அவருக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. மருவூர்ப்பாக்கத்துப் பக்கத்தைத்தான் கடல் அரித்துக்கொண்டு போனது என்று பொதுவாகக் கருதுகிறார்கள். அதற்கு மேற்கே இருந்தது மண்ணுக்கடியில் கிடக்கிறது. 1962-63இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்ட ஆரம்பித்தபோது கிடைத்தவையெல்லாம் இந்தக் கிராமங்களில்தான்.

முதலில் கீழையூர் போங்கள். அங்கே செங்கல்லால் கட்டிய படகுத்துறை ஒன்று இருக்கிறது. வேலி போட்ட தாழ்வான இடம், தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகை, உள்ளே செங்கல் மேடை. அவ்வளவுதான் காட்சி. ஆனால் அந்தச் செங்கல்லைக் கவனியுங்கள். இன்றைய சூளைச் செங்கல்லைப் பக்கத்தில் வைத்தால் குட்டியாகத் தெரியும், அத்தனை அகலம். படகு கட்ட நட்டிருந்த மரத்தூணின் அடிப்பகுதியும் அங்கே கிடைத்தது. அந்த மரத்தைக் கரிமச் சோதனை செய்ததில் கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலம் வந்தது. கடலிலிருந்து இவ்வளவு உள்ளே தள்ளிப் படகுத்துறை எப்படி என்று பிள்ளைகள் கேட்பார்கள். காவிரியின் பழைய கிளை ஒன்று அந்தப் பக்கம் ஓடியிருக்கிறது. சரக்கைப் படகில் ஏற்றி ஆற்றோடு உள்ளே கொண்டுவர முடிந்திருக்கிறது.

அடுத்தது மேலையூர்ப் பக்கம் பல்லவனேச்சரம். கோயிலுக்கு அருகே பௌத்தத் துறவிகள் தங்கிய விகாரையின் அடித்தளம் இருக்கிறது. வரிசையாகச் சின்ன அறைகள், முன்னால் பொதுத் தாழ்வாரம். 4, 5ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். இங்கே கிடைத்த கல் புத்தபாதம் பேர் பெற்றது. புத்ததத்தர் என்கிற பாலி உரையாசிரியர் காவிரிப்பட்டினத்து விகாரையில் தங்கி எழுதியதாக அவருடைய நூலிலேயே குறிப்பு உண்டு. அது இந்த விகாரைதானா என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்தத் தாழ்வாரத்து ஓரத்தில் நிற்கும்போது அவர் நினைவு வராமல் போகாது.

கலைக்கூடமும், தோண்டி எடுத்தவற்றை வைத்திருக்கும் அகழ்வைப்பகமும் கடற்கரை வளாகத்தின் பக்கம். கலைக்கூடம் 1973இல் திறந்தது, எழுநிலை மாடம், கண்ணகி கதை முழுக்கச் சுவரில் கல்லாக. பிள்ளைகளுக்கு அது போதும். அகழ்வைப்பகத்தைத் தவறவிடாதீர்கள். இரண்டும் திறந்திருக்கின்றனவா, என்றைக்கு விடுமுறை என்று முன்பே விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் பதினொன்றுக்குள் கீழையூரும் பல்லவனேச்சரமும் முடிந்துவிடும். கடலை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வள்ளி_திருப்பூர்

ரொம்ப நன்றி அண்ணா. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நாளங்காடி எந்த இடம்னு கேளு" என்கிறார். அம்மாவுக்கு மூட்டு வலி, மேடு பள்ளம் அதிகமா? கழிப்பறை வசதி எப்படி? கடல் குளியல் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

அலைவாய்

நான் வானகிரிப் பக்கத்து ஆள், கடல் தொழில் பார்க்கிற குடும்பம். குளியல் பற்றி நான் சொல்கிறேன் அக்கா.

பூம்புகார்க் கடல் பார்க்க அமைதியாகத்தான் இருக்கும். கரை ஆழம் திடீரென்று இறங்கும். நாலு அடி உள்ளே போனால் இடுப்பளவு, அடுத்த அலையில் காலுக்கடியில் மண் இருக்காது. அரிப்புக்காகக் கொட்டிய கருங்கல்லில் பாசி பிடித்திருக்கும், ஈரக் கல்லில் பிள்ளைகளை ஏற விடாதீர்கள். காவிரி விழுகிற முகத்துவாரம் இன்னும் மோசம். மணல் திட்டு மாதத்துக்கு ஒரு இடத்தில் இருக்கும். நேற்று நடந்து போன இடத்தில் இன்றைக்கு இழுப்பு. ஆடிப்பெருக்குக்கும் அமாவாசைக்கும் கூட்டத்தில் வந்து முங்கி, இழுத்துக்கொண்டு போன கதைகள் எங்கள் ஊரில் நிறைய. போலீஸ் நிறுத்தினால் சண்டை போடாமல் திரும்புங்கள்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி எங்களுக்கே பயமான மாதங்கள். தை பாதிக்கு மேல் கடல் தணியும், நீங்கள் வருகிற நேரம் பரவாயில்லை. அப்போதும் முழங்கால் வரைக்கும்தான். நீந்தத் தெரியும் என்று யாரும் பெருமைக்கு இறங்க வேண்டாம்.

தை அமாவாசை எந்தத் தேதியில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சங்கமத்தில் தர்ப்பணம் கொடுக்க ஊரே திரளும், தருமகுளத்திலிருந்து வண்டி நகராது. அந்த நாளைத் தவிர்த்தால் கரை உங்களுக்குத்தான்.

நல்ல விஷயம் ஒன்றும் சொல்கிறேன். விடியற்காலையில் வாருங்கள். சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்புகிற பக்கம் இது. ஃபைபர் படகுகள் வலையோடு கரை திரும்புகிற நேரமும் அதுதான். படகைத் தள்ளி ஏற்றுவது, மீனைத் தரம் பிரிப்பது, ஏலம் கூறுவது எல்லாம் கண்ணெதிரே நடக்கும். பிள்ளைகள் கேட்டால் மீன் பேரெல்லாம் சொல்லித் தருவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும். நீங்கள் வருவது நல்ல சமயம்.

கழிப்பறை வளாகத்தில் உண்டு. சுத்தம் அன்றைய அதிர்ஷ்டம். அம்மாவை அழைத்து வருவதால் சீர்காழியிலோ மயிலாடுதுறையிலோ தங்கி, அங்கேயே முடித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

மெகா_தமிழன்

எல்லோரும் செங்கல்லைப் பற்றியே பேசுகிறீர்கள். கடலுக்கடியில் 11,000 வருடத்துக்கு முந்தைய நகரம் இருக்கிறதே, அதைப் பற்றி ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை? வெள்ளைக்காரர் ஒருவர் 2001இல் முக்குளித்துப் பார்த்துச் சொன்னார். மெசபடோமியாவுக்கும் முந்தைய நாகரிகம். சுனாமி வந்து ஒரே ராத்திரியில் முழுகிப்போனது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள் அக்கா, பாடப்புத்தகத்தில் வராது.

கல்வெட்டுப்பித்தன்

மெகா_தமிழன் தம்பிக்கு வணக்கம். நீங்கள் சொன்னதில் இரண்டு தனித்தனிக் கதைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிரித்துப் பேசலாம்.

முதல் கதை கடலடி அமைப்பு. கோவாவிலுள்ள தேசியக் கடல்சார் ஆய்வு நிறுவனம், தொல்லியல் அறிஞர் எஸ்.ஆர்.ராவ் வழிகாட்டுதலில், 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் பூம்புகார்க் கடலில் தேடியது. கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாட வடிவத்தில் ஒரு கல் அமைப்பைப் பார்த்தார்கள். இதுவரைக்கும் உண்மை. 2001இல் முக்குளித்த கிரஹாம் ஹான்காக் என்ற எழுத்தாளர், கடல் மட்டம் 23 மீட்டர் தாழ்வாக இருந்தது எப்போது என்று கணக்குப் போட்டு 11,000 வருடம் என்றார். ஓட்டை எங்கே என்றால், அந்தக் கணக்கு அமைப்பின் வயதைச் சொல்லவில்லை. அந்தத் தரை எப்போது கடைசியாக உலர்ந்து கிடந்தது என்பதைச் சொல்கிறது. அது மனிதன் கட்டியதுதானா என்பதே முடிவாகவில்லை. அங்கிருந்து காலம் கணிக்கத்தக்க ஒரு பானை ஓடோ, கரித்துண்டோ எடுத்துச் சோதித்து வெளியிட்டால் முதல் ஆளாக நானே இங்கே வந்து கொண்டாடுகிறேன்.

கரைக்கு அருகே கிடைத்தவை வேறு. பூம்புகார், வானகிரிக் கரையோரத்தில் அலை வந்து போகிற பகுதியிலேயே செங்கல் கட்டுமானமும் சுடுமண் உறைகிணறும் கிடைத்திருக்கின்றன. உறைகிணறு நல்ல தண்ணீருக்காகத் தோண்டுவது. கடலுக்குள் யாரும் கிணறு வெட்ட மாட்டார்கள். ஆக அது வெட்டப்பட்டபோது கரை இன்னும் கிழக்கே, கிணற்றில் உப்பு ஏறாத தூரத்தில் இருந்திருக்கிறது. கடல் நிலத்தைத் தின்றதற்கு இதைவிடச் சாட்சி எனக்கு வேண்டாம். அது நேற்றைய சங்ககாலத்துக் கிணறு, பனியுக காலத்தது அல்ல.

இதே கடலில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பூம்புகாருக்கு எதிரே ஒரு கப்பல் சிதைவு கிடைத்தது. உள்ளே ஈயப் பாளங்கள். சோழன் கப்பல் என்று கொண்டாடுவதற்குள் பாளத்தைத் துடைத்துப் பார்த்தார்கள். மேலே பிளாக்கெட் என்ற ஆங்கிலப் பெயரும் 1791, 1792 என்ற ஆண்டும் பொறித்திருந்தன. கடலடியில் கிடப்பதெல்லாம் பழையது என்று நினைப்பவர்களுக்கு இதை எடுத்துச் சொல்வது என் வழக்கம்.

இரண்டாவது கதை ஒரே ராத்திரியில் முழுகியது. மணிமேகலை சொல்வது: இந்திரவிழா எடுக்கத் தவறியதால் கடல் கொண்டது. காவியத்துக்கு அது அழகு. ஆனால் விகாரை 4, 5ஆம் நூற்றாண்டில் நடந்துகொண்டிருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் பல்லவனேச்சரத்தைப் பாடுகிறார். சாயாவனம் என்று நாம் சொல்கிற திருச்சாய்க்காட்டை அப்பரும் சம்பந்தரும் பாடுகிறார்கள். பட்டினத்தார் பிறந்த ஊராகச் சொல்லப்படுவதும் இந்தப் புகார்தான். ஒரே ராத்திரியில் போன ஊரில் இத்தனை பேர் வந்து பாட முடியுமா? பெரிய அலை ஒன்றோ பலவோ அடித்திருக்கலாம், 2004 சுனாமியைப் பார்த்த நாம் அதை மறுக்க முடியாது. ஊர் தேய்ந்தது மட்டும் மெதுவாக. கரை அரித்தது, காவிரியின் பெரும்பங்கு நீர் கொள்ளிடத்தின் வழியே போனது, கப்பல் வணிகம் நாகப்பட்டினம் போன்ற துறைகளுக்கு நகர்ந்தது.

வெளிநாட்டு எழுத்தும் பொருந்தி வருகிறது. கிரேக்கப் புவியியலாளர் தாலமி இந்த ஊரைக் கபேரிஸ் என்று குறிக்கிறார். ரோமானியக் காசு, முத்திரைக் காசு, சோழரின் புலி பொறித்த சதுரச் செப்புக்காசு எல்லாம் இங்கே கிடைத்திருக்கின்றன. இவ்வளவு இருக்கும்போது 11,000க்கு ஏன் போக வேண்டும் என்பதே என் கேள்வி.

மெகா_தமிழன்

ஆதாரம் இல்லை என்பதால் பொய் ஆகிவிடுமா ஐயா? தோண்டினால்தானே தெரியும். தோண்ட விட மாட்டேன் என்கிறார்கள்.

கல்வெட்டுப்பித்தன்

பொய் என்று நான் சொல்லவே இல்லை தம்பி. வயது தெரியாது என்கிறேன். தோண்ட வேண்டும் என்பதில் உங்களோடு நான் ஒரே கட்சி. 23 மீட்டர் ஆழத்தில், காவிரி கொட்டிய வண்டலில், கலங்கல் தண்ணீரில் வேலை செய்வது என்ன செலவு, என்ன பாடு என்பதையும் யோசியுங்கள். முக்குளிப்பவருக்குத் தன் கையே தெரியாத நாட்கள் அங்கே அதிகம்.

மாலதி_கும்பகோணம்

வள்ளி, ஆம்பிளைங்க சண்டை இப்போதைக்கு முடியாது. அம்மாவுக்கு வேண்டியதை நான் சொல்கிறேன்.

பூம்புகாரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் திருவெண்காடு. புதன் தலம் என்று கூட்டம் வரும். அம்மாவுக்கு அங்கே வேறு காரணம் இருக்கிறது. கண்ணகியிடம் அவள் தோழி தேவந்தி, சோமகுண்டம் சூரியகுண்டம் இரண்டிலும் மூழ்கிக் காமவேளைத் தொழுதால் கணவன் திரும்புவான் என்பாள் இல்லையா? கண்ணகி அது பெருமை ஆகாது என்று சொல்லிவிடுவாள். அந்தக் குண்டங்கள் திருவெண்காட்டுக் கோயிலின் சூரிய, சந்திர தீர்த்தங்கள்தான் என்று உள்ளூரில் நம்பிக்கை. என் மாமியாரும் தமிழ் படித்தவர். அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து முழுப் பகுதியையும் மனப்பாடமாகச் சொன்னார். கூட இருந்த கூட்டம் பரிகாரத்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் ரிஷபவாகனர் என்று ஒரு செப்புத் திருமேனி இருக்கிறதே, தலையில் பாம்பைத் தலைப்பாகையாகச் சுற்றி, மாட்டின் மேல் கை வைத்ததுபோல் நிற்பார், மாடு இருக்காது. அவர் திருவெண்காட்டிலிருந்து போனவர். 1011ஆம் ஆண்டுத் திருமேனி. வரும் வழியில் தஞ்சையில் அவரைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் ருசி வேறு.

மூட்டு வலிக்குக் கவலை வேண்டாம். கீழையூரிலும் பல்லவனேச்சரத்திலும் கார் பக்கத்திலேயே போகும். தரை சமம்தான், புல்லும் நெருஞ்சியும் இருக்கும். செருப்பைக் கழற்றாமல் நடக்கச் சொல்லுங்கள். பூம்புகார்க் கலைக்கூடத்தில்தான் படி.

தை மாதம் வருகிறீர்கள் என்றால் சம்பா அறுவடை. பாதிச் சாலையில் நெல் காயும், மீதிச் சாலையில் வைக்கோல் வண்டி போகும். கூகுள் சொல்கிற நேரத்தை நம்பிக் கிளம்பாதீர்கள்.

சீர்காழிக்காரன்

மாலதி அக்கா சொன்னதும் ஞாபகம் வந்தது. மேலையூரில் கடையணை இருக்கிறது, காவிரியின் கடைசி அணை. குடகில் பிறந்த ஆறு கடைசியாகக் கதவு பார்ப்பது இங்கேதான். மேட்டூர் திறந்து தண்ணீர் இங்கே வந்து சேரும்போது விவசாயிகள் பூப்போட்டு வரவேற்பார்கள். வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவார்கள். நீங்கள் வருகிற வாரத்தில் ஆற்றில் கொஞ்சமாவது தண்ணீர் இருக்கலாம். சோழன் நலங்கிள்ளி காலத்தில் பெரிய கப்பல் பாயை இறக்காமலே நுழைந்த ஆறு என்று படித்துவிட்டு வருகிறவர்களுக்கு, இன்றைய முகத்துவாரம் ஒரு வாய்க்கால் மாதிரித்தான் இருக்கும். அம்மாவிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

நாளங்காடி எந்த இடம் என்று கேட்டிருந்தார் அல்லவா? இன்றைக்கு இன்ன இடம் என்று யாராலும் குறித்துக் காட்ட முடியாது. இரண்டு பாக்கத்துக்கும் நடுவே மரம் அடர்ந்த இடத்தில் கடை விரித்தார்கள் என்று காவியம் சொல்கிறது. வளாகத்திலே இலஞ்சி மன்றம், பாவை மன்றம், நெடுங்கல் மன்றம் என்று எழுப்பியிருப்பது நம் காலத்துக் கட்டுமானம். அதைப் பழையது என்று பிள்ளைகள் நினைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தரங்கைவாசி

இவ்வளவு தூரம் வருகிறவர்கள் தரங்கம்பாடியை விடக் கூடாது. பூம்புகாரிலிருந்து தெற்கே 20 கிலோமீட்டர் சொச்சம். பைக்வாசி கேட்ட கண்ணுக்குத் தெரிகிற இடிபாடும் கடலும் இங்கே ஒன்றாக இருக்கின்றன.

டேனிஷ்காரர்கள் 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கிக் கட்டிய கோட்டை அலைக்கு எதிரே நிற்கிறது. உள்ளே அகழ்வைப்பகம். வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை, அன்றைக்கு வராதீர்கள். 1845இல் ஊரையே ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டு டேனிஷ்காரர்கள் போய்விட்டார்கள். அப்புறம் துறைமுகம் படுத்துவிட்டது. அதனால்தான் ராஜ வீதி இன்னும் பழைய மாதிரியே இருக்கிறது. ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு 1706இல் கப்பலிறங்கியதும் இந்தக் கரையில்தான். அவர் அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் முழுமையாக வந்தது. தமிழாசிரியை அம்மா இதை விட மாட்டார்.

கோட்டையிலிருந்து கரையோடு வடக்கே கொஞ்சம் நடந்தால் மாசிலாமணி நாதர் கோயில். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எடுத்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது, மிச்சத்தைக் காப்பாற்றிப் புதுப்பித்திருக்கிறார்கள். கடல் ஊரை எப்படித் தின்னும் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமானால் பூம்புகாரைவிட இந்த இடம் நல்லது. அலை இன்னும் கல்லைத் தட்டிக்கொண்டுதான் இருக்கிறது. 2004 சுனாமியில் இங்கே நிறையப் பேரை இழந்தோம். கரையில் யாராவது பெரியவர் உட்கார்ந்திருந்தால் பேச்சுக் கொடுங்கள். அவராக ஆரம்பித்தால் மட்டும் அந்த நாளைப் பற்றிக் கேளுங்கள்.

பைக்வாசி

எல்லாம் படித்தேன், நல்ல தகவல்கள். ஆனாலும் என் ஆதங்கம் மாறவில்லை. இவ்வளவு விஷயமும் இந்த இழையில் கிடைக்கிறது, இடத்தில் ஏன் கிடைக்கவில்லை? வளைவில் நுழைகிறவனுக்குக் "கீழையூர்ப் படகுத்துறை இந்தப் பக்கம்" என்று ஓர் அம்புக்குறி இருந்தால் நான் போயிருப்பேனே. ஒரு வரைபடம், பழைய கரைக்கோடு எங்கே இருந்தது என்று ஒரு கோடு, போதும். புதிதாக நூறடிச் சிலை வைப்பதற்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. புதுச்சேரிப் பக்கம் அரிக்கமேட்டிலும் இதே கதை. மாந்தோப்புக்குள் போய் இடிந்த செங்கல் சுவரைப் பார்த்து, ரோமானியர் கட்டியது என்று நினைத்துப் போட்டோ எடுத்தவர்கள் எத்தனை பேர்!

கல்வெட்டுப்பித்தன்

பலகை விஷயத்தில் நூற்றுக்கு நூறு சம்மதம். அரிக்கமேட்டுச் சுவர் 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டியது. தொல்லியலாளர் வீலர் 1945இல் தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள், ரோமானியப் பானைகளெல்லாம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. நிற்பது பாதிரிமார் சுவர் மட்டும்.

ஆர்வமிருந்தால் அடுத்த முறை கொற்கைக்கும் போய்ப் பாருங்கள். பாண்டியரின் முத்துத் துறைமுகம், இன்றைக்கு அங்கே கடல் கிடையாது. தாமிரபரணி வண்டலைக் கொட்டிக் கொட்டிக் கரையைச் சில கிலோமீட்டர் கிழக்கே தள்ளிவிட்டது. வாழைத் தோட்டத்துக்கு நடுவில் நின்று இங்கேதான் கப்பல் வந்தது என்று நம்ப வேண்டும். ஒரே கிழக்குக் கரையில் ஓர் ஊரைக் கடல் நெருங்கி அழித்தது, இன்னோர் ஊரைக் கடல் விலகி அழித்தது.

மாமல்லபுரம் போனாலும் கடற்கரைக் கோயிலோடு திரும்பாதீர்கள். வடக்கே சாளுவன்குப்பத்தில், சுனாமிக்குப் பிறகு 2005இல் வெளிப்பட்ட முருகன் கோயில் அடித்தளம் இருக்கிறது. மேலே பல்லவர் கல், அதற்குக் கீழே இன்னும் பழைய செங்கல். கீழையூர்ச் செங்கல்லைப் பார்த்த கண்ணுக்கு அது உடனே பிடிபடும்.

மெகா_தமிழன்

குமரிக்கண்டத்தையும் இதில் சேர்த்துப் பேசினால்தான் முழுப் படம் கிடைக்கும். முதல் சங்கம், இரண்டாம் சங்கம் எல்லாம்...

நெறியாளர்

குமரிக்கண்டத்துக்குத் தனி இழை இருக்கிறது, பக்கம் 214 ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே போய்த் தொடரலாம். இங்கே வள்ளியின் பயணம் மட்டும்.

வள்ளி_திருப்பூர்

நெறியாளருக்குக் கோடி நன்றி. அம்மா எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, இப்போது திட்டமே அவருடையதாகிவிட்டது. இரண்டு இரவு மயிலாடுதுறையில். முதல் நாள் வழியில் தஞ்சாவூர், ரிஷபவாகனர். மறுநாள் விடியலில் பூம்புகார்க் கரை, கீழையூர், பல்லவனேச்சரம், வெயில் ஏறியதும் கலைக்கூடமும் அகழ்வைப்பகமும், மதியம் ஓய்வு, சாயங்காலம் திருவெண்காடு. மூன்றாம் நாள் தரங்கம்பாடி பார்த்துவிட்டுத் திரும்புவது. சாயாவனத்தை எங்கே நுழைப்பது என்று தெரியவில்லை. பையன்கள் மீன் ஏலத்துக்கு மட்டும் தயார், மற்றதற்கு முகம் சுளிக்கிறார்கள்.

மாலதி_கும்பகோணம்

சாயாவனம் பூம்புகாருக்கு ரொம்பப் பக்கம், திருவெண்காடு போகிற வழியிலேயே முடித்துக்கொள்ளலாம். கோயில் மதியம் நடை சாத்திவிடுவார்கள், நாலரைக்கு மேல் வைத்துக்கொள். பையன்களிடம் ஒரு வேலை கொடு. கீழையூர்ச் செங்கல்லின் அளவை வேலிக்கு வெளியிலிருந்தே கண்ணால் மதிப்பிட்டு எழுதச் சொல், அகழ்வைப்பகத்தில் கேட்டுச் சரிபார்க்கட்டும். பந்தயம் வைத்தால் வாலாட்டாமல் வருவார்கள்.

அலைவாய்

மீன் ஏலம் பார்க்க வேண்டுமானால் ஆறு மணிக்கெல்லாம் கரையில் நிற்க வேண்டும் அக்கா. மயிலாடுதுறையிலிருந்து சுமார் 24 கிலோமீட்டர், அந்த நேரத்தில் பனி இறங்கியிருக்கும், முன்னால் போகிற டிராக்டரே தெரியாது. அஞ்சு மணிக்கே கிளம்பி மெதுவாக வாருங்கள். தருமகுளத்தில் டீக்கடை அதற்குள் திறந்திருக்கும், அம்மாவுக்குச் சூடாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுக் கரைக்கு வாருங்கள். ஏலம் நடக்கும்போது படகுக்கும் வலைக்கும் நடுவில் நிற்க வேண்டாம் என்று தம்பிகளிடம் சொல்லி வையுங்கள், கயிறு காலை வாரிவிடும்.